அட்டையில் ஸ்டேஷன் கட்டுவது எப்படி?

சொந்த வீடு கட்டிப் பார்க்க வசதி இல்லாதவர்களுக்கென்றே இருக்கிறது மாடல் ரயில். பிளானை இறக்கி, அட்டையில் பிரிண்ட் எடுத்து, வெட்டி ஒட்டினால் கட்டடம். மணல், ஜல்லி விலை விசாரிக்க வேண்டாம். மேஸ்திரியின் பின்னால் அலைய வேண்டாம். சாப்பாட்டு மேசை ஒன்று போதும். அதில் சாப்பிடும் பழக்கத்தை மட்டும் வீட்டார் கைவிட வேண்டும்.

1. இடம் பாருங்கள்

மாடல் ரயிலில் எச்.ஓ. அளவு என்றால் நிஜத்தில் 87-ல் ஒரு பங்கு. ஐந்தரை அடி ஆள் இதில் 19 மில்லிமீட்டர். ஹூப்ளி ஸ்டேஷனில் உள்ள உலகின் மிக நீளமான பிளாட்பாரம் 1,507 மீட்டர். அதை இந்த அளவில் போட்டால் 17 மீட்டரைத் தாண்டும். பக்கத்து ஃப்ளாட்காரர் சுவரை இடிக்கச் சம்மதித்தால் போடலாம். இல்லையென்றால் மூன்று பெட்டி நிற்கிற மாதிரி போட்டுவிட்டு, 'ஹால்ட்' என்று எழுதி வையுங்கள்.

2. எழும்பூரை விட்டுவிடுங்கள்

ஹென்றி இர்வின் வரைந்து, சாமிநாதப் பிள்ளை கட்டி, 1908-ல் திறந்த எழும்பூர் ஸ்டேஷன்தான் எல்லோருக்கும் முதலில் ஆசை காட்டும். ஆனால் அதற்குக் குவிமாடம் உண்டு. அட்டை ஒரு திசையில்தான் வளையும். குவிமாடம் இரண்டு திசையிலும் வளையச் சொல்லும். கீற்றுக் கீற்றாக நறுக்கி ஒட்டுவீர்கள். கடைசிக் கீற்றுக்கு இடம் இருக்காது. கேட்கீப்பர் ரூமில் ஆரம்பியுங்கள். நாலு சுவர், ஒரு கதவு, ஒரு ஜன்னல். அதுவே கோணிக்கொண்டுதான் நிற்கும்.

3. ஜெராக்ஸ் கடையில் வாய் திறந்து பேசுங்கள்

இருநூறு ஜி.எஸ்.எம். அட்டை கேளுங்கள். கடைக்காரர், "பேப்பருக்கு அடக்கமா வரட்டும் சார்" என்று தாமாகவே 'ஃபிட் டு பேஜ்' போடுவார். அந்த அன்பில் கட்டடம் இளைத்துவிடும். ஒரு கடையில் எடுத்த சுவரோடு இன்னொரு கடையில் எடுத்த கூரை சேராது. 'ஆக்சுவல் சைஸ்' போடச் சொல்லி, வந்த தாளில் ஸ்கேல் வைத்துப் பார்த்த பிறகே காசு கொடுங்கள். இன்க்ஜெட் என்றால் மேலே மேட் வார்னிஷ் அடியுங்கள். இல்லாவிட்டால் ஈரக் கை பட்டதும் செங்கல் சுவர் ரோஸ்மில்க் ஆகிவிடும்.

4. மடித்து ஒட்டுங்கள்

மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவைத் தூக்கிப் போடாதீர்கள். மடிப்புக் கோட்டில் ஸ்கேலை வைத்து அதால் அழுத்தி இழுத்துவிட்டு மடித்தால் மூலை வெடிக்காது. வெட்டிய ஓரத்தில் மெல்லிசாக வெள்ளை தெரியும். கலர் பென்சிலைப் படுக்க வைத்துத் தேயுங்கள். பல்குச்சி நுனியில் எடுக்கிற ஃபெவிகால் போதும். தாராளம் காட்டினால் சுவர் ஊறி நெளியும்.

உள்ளே முட்டுக்கொடுக்கத் தடித்த அட்டை வேண்டும். அதற்குக் கல்யாணப் பத்திரிகைதான் உத்தமம். அழைக்க வந்தவர்கள் எதிரிலேயே பத்திரிகையின் கனத்தை விரலால் நெருடிப் பார்க்கும் பழக்கம் வந்துவிட்டால் நீங்கள் தேறிவிட்டீர்கள். முகூர்த்தம் முடியும் வரை கத்தி வைக்காதீர்கள். மண்டபத்துக்கு வழி அதில்தான் இருக்கிறது.

5. அழுக்காக்குங்கள்

நம் அகலப் பாதை 1,676 மி.மீ. 87-ஆல் வகுத்தால் 19-க்குச் சற்று மேல் வரும். கடையில் கிடைக்கும் எச்.ஓ. தண்டவாளமோ 16.5 மி.மீ.; அது 1,435 மி.மீ. பாதை போட்ட ஊர்களுக்கானது. ஆக, உங்கள் வைகை எக்ஸ்பிரஸ் சீமைத் தண்டவாளத்தில்தான் ஓடும். பரவாயில்லை, பார்க்கிறவர் கண் ஸ்கேல் வைத்துப் பார்ப்பதில்லை. மஞ்சள் பலகையில் மூன்று மொழியில் ஊர்ப்பெயர், ஓரத்தில் கடல் மட்டத்திலிருந்து உயரம், ஓட்டிலிருந்து இறங்கிய மழைக்கறை, தூணடியில் வெற்றிலை எச்சில்: இவ்வளவு இருந்தால் நம்பிவிடுவார். எச்சிலுக்குக் காவி நிறப் பெயின்ட் போதும், தத்ரூபம் தேடி வெற்றிலை போட வேண்டாம்.

6. பராமரியுங்கள்

ஐப்பசி மழையில் அட்டை ஈரம் குடித்து வளையும். பசைக்கு ஆசைப்பட்டு ராத்திரியில் கரப்பான் வரும். நாலு சென்டிமீட்டர்தானே என்று அலட்சியமாக இருக்காதீர்கள். அந்த ஊர்க் கணக்கில் அது பதினோரு அடி மிருகம். அதற்காகச் செருப்பையும் ஓங்கிவிடாதீர்கள். பத்து அங்குலச் செருப்பு அங்கே எழுபத்திரண்டு அடி. கரப்பான் எப்படியும் தப்பிவிடும், ஸ்டேஷன் தப்பாது.