ரெஃப்ரெஷ் விரலியல்: ஓர் ஆராய்ச்சி முன்னுரை

1. ஆய்வுப் பொருளும் எல்லையும்

திரையில் வட்டம் சுற்றத் தொடங்கியதும் மனிதனின் ஆள்காட்டி விரல் ரெஃப்ரெஷ் பொத்தானை நோக்கித் தானாகவே நகர்கிறது. வயது, படிப்பு, பதவி எதுவும் இந்நகர்வைத் தடுப்பதில்லை. தேர்வு முடிவு வெளியாகும் காலையில் இவ்வியல்பு வீட்டுக்கு வீடு உச்சம் தொடும். அறிஞர் பெருமக்கள் இதுகாறும் இவ்விரலைக் கண்டுகொள்ளாதது ஆய்வுலகுக்கு இழுக்கு. அதைத் துடைக்கவே இக்கட்டுரை. வைஃபை ரவுட்டரின் தலையில் தட்டும் உள்ளங்கை, தனி ஆய்வுக்கு உரியது, இங்கே பேசப்படவில்லை.

2. கருதுகோள்

மேற்படி விரல், 1988-க்கு முந்தைய டிசிபி.

3. முன்னோர் கண்டவை

இணையத்தில் தரவைப் பாக்கெட் என்னும் சிறு துண்டுகளாகச் சேர்ப்பிக்கும் நெறிமுறை டிசிபி. பதில் தாமதமானால் பாக்கெட் தொலைந்ததாக எண்ணி, அனுப்பிய கணினி மறுபடி அனுப்பும். முதலாவதோ வழியில் வரிசையில் உயிரோடு நிற்கும். ஒரே பாக்கெட்டின் பல படிகள் சேர்ந்து பாதையை அடைக்கும். 1984-இல் கணினிப் பொறியாளர் ஜான் நேகிள் இவ்வாறு எச்சரித்தார். எச்சரிக்கைகளுக்கு வழக்கமாக நேர்வதே இதற்கும் நேர்ந்தது. 1986 அக்டோபரில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடத்துக்கும் பெர்க்லியிலுள்ள கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்துக்கும் இடையே தரவு வேகம் நொடிக்கு 32,000 பிட்டிலிருந்து 40 பிட்டுக்கு விழுந்தது. இடைவெளி 400 கஜம். நொடிக்கு 40 பிட் என்றால் ஐந்து ஆங்கில எழுத்து. நாலு பக்கக் கடிதத்தை ஓர் ஆளிடம் கொடுத்தனுப்பியிருந்தால் அவர் நடந்தே முந்தியிருப்பார்.

4. நெரிசல் நிகழும் இடம்

கணினிகளை இணைக்கும் ஒரு நெட்வொர்க் ஸ்விட்சின் இரண்டு போர்ட்களில் நொடிக்கு ஒரு கிகாபிட் வீதம் வரும் பாக்கெட்டுகள் அனைத்தும் ஒரே கிகாபிட் போர்ட் வழியே வெளியேற வேண்டும் எனக் கொள்க. மிஞ்சியவை பஃபர் என்னும் காத்திருப்பு நினைவகத்தில் நிற்கும். பஃபர் ஒரு மெகாபைட் எனில் 8 மில்லிநொடியில் நிரம்பிவிடும். அதன்பின் இடம் கிடைக்காதவற்றை ஸ்விட்ச் சொல்லாமல் கொள்ளாமல் உதறும். வருத்தம் தெரிவித்து ஒரு வரி எழுதும் பழக்கம் பொதுவாக அதற்கில்லை. பதில் வராததைக் கொண்டு அனுப்பியவரே நடந்ததை ஊகிக்க வேண்டும்.

அந்த ஊகத்தை டிசிபிக்குக் கற்பித்தது, 1988-இல் அதே லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடத்தின் வான் ஜேக்கப்சன் வெளியிட்ட கட்டுரை. கொஞ்சமாகத் தொடங்கு, ஒப்புகை வர வரக் கூட்டு, பாக்கெட் தொலைந்தால் நெரிசல் என்று கொண்டு வேகத்தை வெட்டு. மேற்பார்க்க நடுவில் அதிகாரி எவருமில்லை. அனுப்பும் ஒவ்வொரு முனையும் தானாகவே அடங்குகிறது. இணையம் முடங்காமல் நடப்பதில் இந்த அடக்கத்துக்குப் பெரும் பங்குண்டு.

5. விரல் வகைப்பாடு

அ. யூடிபி விரல் (பதிலுக்குக் காத்திராத நெறிமுறையின் பெயரால்): ஒரு முறை அழுத்தும். போய்ச் சேர்ந்ததா என்று கேளாது. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு வேறு வேலை பார்க்கும். துறவிகளிடம் காணப்படலாம்.

ஆ. பழைய டிசிபி விரல்: அழுத்திக்கொண்டே இருக்கும். பிரவுசர் கைவிட்ட பழைய கோரிக்கை பல வேளைகளில் சர்வரின் வரிசையில் நின்றபடியே இருக்க, புதியது அதன் பின்னால் போய் நிற்கும். தன் வரிசையைத் தானே நீட்டிவிட்டு, 'சர்வர் டவுன்' என்று பக்கத்து வீட்டுக்கும் சேதி சொல்லும். உண்மையா என்று பார்க்க அந்த வீட்டு விரலும் அழுத்தும்.

இ. திருந்திய டிசிபி விரல்: மாதிரி கிடைக்கவில்லை.

6. மறுப்பும் விடையும்

'ஒன்பதாவது தடவை அழுத்தியதும் பக்கம் வந்ததே!' என்பார் உளர். நெரிசல் தணிந்த வேளையில் அழுத்திய விரல் அது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்ததற்குக் காக்கையைப் பாராட்டுவது ஆய்வு நெறி அன்று.

7. பரிந்துரை

இணைப்பின் தொடக்கத்தில் பதில் வராவிட்டால், மறுபடி அனுப்புமுன் டிசிபி வழக்கமாக முதலில் 1 நொடி பொறுக்கும். பிறகு 2, 4, 8 என்று பொறுமையை இரட்டிக்கும். இவ்விதியை விரலுக்கும் நீட்டிக்கலாம். ஏழாவது அழுத்தத்துக்குமுன் 32 நொடி சும்மா இருக்க வேண்டிவரும். இதற்கு உடன்படும் விரல் ஒன்று அகப்பட்டால் இரண்டாம் பாகம் எழுதக் கட்டுரையாளர் சித்தமாக உள்ளார். அதுவரை 'இ' பிரிவு, எத்தனை பதிப்பு வந்தாலும், திருத்தமின்றியே அச்சாகும்.