விடிய விடியக் கச்சேரி

கவிதை இரவு, ஆர்கெஸ்ட்ரா எல்லாம் பெருநகரங்களுக்குத்தானா? ஆரணிக்கு எப்போது?

ஆரணி வட்டாரத்தில் இரண்டும் ஒரே மேடையில் நடக்கும், பெயர் தெருக்கூத்து. திரௌபதி அம்மன் கோயில்களின் பாரதத் திருவிழாவில் பகலில் பாரதச் சொற்பொழிவு, இரவில் கூத்து. முகவீணை, ஆர்மோனியம், மிருதங்கம், தாளம் ஒரு பக்கம். பாட்டும் வசனமும் வேடக்காரர் பொறுப்பு. சிம்பொனிக்கு இடைவேளை உண்டு. துரியோதனனுக்கு விடியும்வரை கிடையாது. அவர் படுப்பதே படுகளத்தில்தான்!

கூத்தில் பாரதம் தவிர வேறு சரக்கு இல்லையா?

ஜெர்மன் நாடகாசிரியர் பிரெக்ட் போதுமா? செய்யாறு பக்கத்துப் புரிசைக் கூத்தர்கள் அவர் நாடகத்தையும் கூத்தாக ஆடியவர்கள். புரிசை கண்ணப்பத் தம்பிரானின் கலையால் ஈர்க்கப்பட்ட நாடகாசிரியர் ந. முத்துசாமி, 1977இல் சென்னையில் கூத்துப்பட்டறை நாடகக் குழுவைத் தொடங்கினார்.

இளையராஜாவின் சிம்பொனி ஆரணிக்கு வருமா?

2025 மார்ச் 8 அன்று லண்டனில் அரங்கேறியது. ஆரணிக்கோ ரயிலே களம்பூர் வரைதான் வருகிறது. அங்குள்ள நிலையத்துக்குத்தான் ‘ஆரணி ரோடு’ என்று பெயர். பெரிய வாத்தியக் குழுவுக்கு அமைதியான, மூடிய அரங்கம் வேண்டும். கல்யாண மண்டபத்தில் ஜெனரேட்டரும் சேர்ந்து வாசிக்கும்.