கட்டடத்துக்கு உண்டு விலக்கு, கட்டியவருக்கு?

கே: எனக்கு வயது 72. கிழக்குத் தாம்பரத்தில் 580 சதுர அடியில் சொந்த வீடு. பென்ஷன் மட்டும்தான் வருமானம். மூத்த குடிமக்களுக்குச் சொத்து வரியில் விலக்கு உண்டா?

ப: இல்லை, ஐயா. வங்கியில் வயதானால் டெபாசிட்டுக்கு வட்டி கொஞ்சம் கூடும். மாநகராட்சியிலோ உங்கள் வயதைக் கேட்கவே மாட்டார்கள், கட்டடத்தின் வயதைத்தான் கேட்பார்கள். நம் சட்டம் விலக்கு கொடுப்பது பெரும்பாலும் இடத்துக்கு. அதில் குடியிருக்கும் ஆளுக்கு அல்ல.

இப்படித்தான் இருந்தாக வேண்டும் என்றில்லை. டெல்லி மாநகராட்சியில் மூத்த குடிமக்களுக்கும், பெண்களுக்கும், மாற்றுத்திறனாளிகளுக்கும், முன்னாள் படைவீரர்களுக்கும் ஒரு வீட்டுக்கு 200 சதுர மீட்டர் வரை 30 சதவீதத் தள்ளுபடி உண்டு. மும்பையில் 2022 ஜனவரியிலிருந்து 500 சதுர அடி வரையிலான குடியிருப்புகளுக்குச் சொத்து வரியையே எடுத்துவிட்டார்கள். நம் அரசும் சிறிய வீட்டைத் தனியாகப் பார்க்கத் தெரியாத அரசு அல்ல. 2022 ஏப்ரலில் வரியை உயர்த்தியபோது, சென்னைக்கு வெளியே உள்ள மாநகராட்சிகளில் 600 சதுர அடி வரை 25 சதவீதம், 1,800 சதுர அடிக்கு மேல் 100 சதவீதம் என்றுதான் உயர்த்தினார்கள். சின்ன வீட்டுக்காரரிடம் குறைவாகக் கேட்க வேண்டும் என்பதை ஒப்புக்கொண்டாயிற்று. சொந்த வீட்டில் குடியிருந்து, பென்ஷனில் காலம் தள்ளும் உங்களைப் போன்றவரிடம் கேட்காமலே விடுவதுதான் அடுத்த படி. அதை உங்கள் வார்டு கவுன்சிலரிடம் கேளுங்கள். தாம்பரம் மாநகராட்சியில் 70 வார்டு இருக்கிறது, எழுபதிலும் கேட்கட்டும்.

கே: அப்படியானால் சாதாரண வீட்டுக்காரனுக்கு எந்தச் சலுகையும் கிடையாதா? (பல்லாவரம்)

ப: ஒன்று உண்டு. அது காலண்டரில் இருக்கிறது. அரையாண்டு தொடங்கிய 30 நாளுக்குள், அதாவது ஏப்ரல் 30-க்குள்ளும் அக்டோபர் 30-க்குள்ளும் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை. உச்சவரம்பு 5,000 ரூபாய். அந்த வரம்பைத் தொட அரையாண்டு வரியே ஒரு லட்சம் ஆக வேண்டும் என்பதால் நீங்களும் நானும் அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். காலம் கடத்தினால் மாதம் 1 சதவீதம் தனி வட்டி ஏறும். பென்ஷன் வந்ததும் மளிகைக்கு முன்னால் இதைக் கட்டிவிடுங்கள்.

கே: மொட்டை மாடியில் பிள்ளையார் கோயில் கட்டினால் வரி விலக்கு கிடைக்கும் என்கிறார் என் மைத்துனர். (செம்பாக்கம்)

ப: பிள்ளையாருக்குக் கிடைக்கலாம், உங்களுக்குக் கிடைக்காது. பொது வழிபாட்டுக்கென்று ஒதுக்கி, அதற்கே பயன்படும் இடத்துக்குத்தான் விலக்கு. விடியற்காலையில் ஊர் முழுவதும் உங்கள் படுக்கையறை வழியாக மாடியேறச் சம்மதமா? அப்போதும் கீழ்த்தளத்துக்கு வரி உண்டு. மைத்துனருக்குக் கொழுக்கட்டை கொடுத்து அனுப்புங்கள்.

கே: விமானப்படையில் இருந்து ஓய்வு பெற்று சேலையூரிலேயே தங்கிவிட்டேன். எங்களுக்கு ஏதாவது?

ப: உண்டு. தகுதியுள்ள முன்னாள் படைவீரர்களுக்கும் அவர்களின் கைம்பெண்களுக்கும், கட்டிய வீட்டு வரியைத் திரும்பப் பெறும் வழி இருக்கிறது. முதலில் கட்ட வேண்டும். பிறகு ரசீதோடு மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். மாநகராட்சி கவுண்டரில் அடையாள அட்டையைக் காட்டி வாதாடுவதில் பயனில்லை. போக வேண்டிய வாசல் வேறு. உங்கள் தெருவில் படைவீரரான கணவரை இழந்த அம்மாமார் இருந்தால் அவர்களையும் கூட்டிக்கொண்டு போங்கள். இந்த விஷயம் பலருக்குத் தெரிவதே இல்லை.

கே: அவ்வளவு பெரிய விமானப்படைத் தளம் வரி கட்டுகிறதா?

ப: வரியாக அல்ல. அரசியலமைப்பின் 285-வது பிரிவு மத்திய அரசின் சொத்துக்கு உள்ளாட்சி வரியிலிருந்து விலக்கு தருகிறது. ரயில்வே இடங்களுக்கும் அதே கதை. ஆனால் சாலை, தண்ணீர், குப்பை என்று ஊரின் வசதிகளைப் பயன்படுத்தும் அளவுக்கு ஏற்ப, வரியில் 75, 50 அல்லது 33⅓ சதவீதத்தைச் சேவைக் கட்டணமாகக் கொடுக்க வேண்டும் என்பது ராஜ்கோட் மாநகராட்சி வழக்கில் 2009-ல் உச்ச நீதிமன்றத்தின் முன் உறுதியான ஏற்பாடு. தாம்பரம் மாதிரி மத்திய அரசு நிலம் நிறைய உள்ள ஊருக்கு இந்தத் தொகை முக்கியம். அது ஒழுங்காக வந்தால்தான் உங்கள் தெரு விளக்கு எரியும்.

கே: என் மகள் டெக்சாஸில், குடியிருக்கும் சொந்த வீடு என்று எழுதிக் கொடுத்து வரியைக் குறைத்துக்கொண்டாள். குரோம்பேட்டையில் ஏன் முடியாது?

ப: மகள் எவ்வளவு கழித்தாள் என்று சொன்னாள்; எவ்வளவு கட்டினாள் என்று கேட்டீர்களா? அங்கே பள்ளி வரிக்காக வீட்டு மதிப்பில் ஒரு லட்சம் டாலரைக் கழிக்க 2023-ல் வாக்களித்தார்கள். 2025-ல் அது 1,40,000 ஆனது. ஆனால் டெக்சாஸில் மாநில வருமான வரி இல்லாததால் பாரமெல்லாம் வீட்டின் தலையில். சந்தை மதிப்பில் ஒன்றரை சதவீதம் என்று வைத்தாலும், 80 லட்சம் ரூபாய் பிளாட்டுக்கு வருடம் 1,20,000 ரூபாய். இங்கே வரி, சந்தை விலையின் மேல் போடப்படுவதில்லை. அந்தச் சலுகையை மட்டும் கேளுங்கள், அந்தக் கணக்கைக் கேட்காதீர்கள்.

கே: இருபது வருட வரி ரசீது வைத்திருக்கிறேன். ஏரி புறம்போக்கு என்கிறார்கள். ரசீதைக் காட்டினால் பட்டா கிடைக்குமா? (சிட்லபாக்கம்)

ப: கிடைக்காது. வரி ரசீது உரிமைப் பத்திரம் ஆகாது. உங்களிடம் இருபது வருடம் வரி வாங்கியவர்கள், வீடு ஏரியில் இருப்பதை அப்போதே சொல்லியிருக்க வேண்டும் என்ற உங்கள் ஆதங்கம் நூற்றுக்கு நூறு நியாயம்.

கே: எங்கள் பிளாட்டுக்கு பக்கத்து பிளாட்டை விட வரி அதிகம். இரண்டும் ஒரே அளவு. என்ன செய்யலாம்? (பம்மல்)

ப: நல்ல கேள்வி. எந்த விலக்கையும் விட இதில்தான் பணம் மிச்சமாகும். 2021 நவம்பரில் ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் சேர்த்துத்தான் தாம்பரம் மாநகராட்சி உருவானது; பழைய பதிவுகளில் இருந்த பிழைகளும் கூடவே வந்திருக்கலாம். உங்கள் வரி விவரத்தில் எத்தனை சதுர அடி, குடியிருப்பா வணிகமா, கட்டிய ஆண்டு எது என்று மூன்றையும் பாருங்கள். என்றோ மூடிய டெய்லர் கடை இன்னும் வணிகமாகவே பதிவாகி இருக்கலாம். தவறு இருந்தால் பத்திர நகல், கட்டட வரைபடத்தோடு ஆணையருக்கு மனு கொடுத்து, நேரில் வந்து அளக்கச் சொல்லுங்கள். கையில் ஒப்புகைச் சீட்டு வாங்காமல் அலுவலகத்தை விட்டு வெளியே வராதீர்கள்.