ஸ்க்ரூ அண்ணன்

“லேப்டாப் கொஞ்சம் ஸ்லோவா இருக்குண்ணா” என்று ஸ்க்ரூ அண்ணன் காதுபடச் சொல்லிவிடாதீர்கள். மறுநாள் சாயந்திரம் அவர் சென்னை வண்டியிலிருந்து இறங்கும்போதே ரிச்சி தெருவில் வாங்கிய எஸ்.எஸ்.டி. டிஸ்க் சட்டைப்பையில் இருக்கும். காசு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். முதலில் கழட்ட வேண்டும்.

அண்ணன் மெக்கானிக் இல்லை. எங்கோ கணக்கு எழுதுகிறார். திருத்தணியில் தெருவுக்கு ஒருவர் இப்படி இருக்கிறார்கள். அவர்களை உண்டாக்கியது அரசாங்கம் என்பது என் கணிப்பு. 2011 செப்டம்பர் 15 அன்று, நம் திருவள்ளூர் மாவட்டத்துக் காக்களூரில்தான் ஜெயலலிதா விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். பிள்ளைகள் படித்து முடித்து வெளியூர் போய்விட்டார்கள். மடிக்கணினிகள் வீட்டோடு தங்கிவிட்டன. தூக்கிப் போட மனசு வராது. ஆன் செய்தால் விண்டோஸ் வருவதற்குள் உலை கொதித்துவிடும்.

பழைய டிஸ்க்கில் இருப்பதை அப்படியே புதியதற்குப் படியெடுப்பது முதல் வேலை. யு.எஸ்.பி. வயரில் இது மணிக்கணக்கில் நடக்கும். டிசம்பர் 31 ராத்திரி படிக்கொரு திருப்புகழ் பாடி எங்கள் மலைக்கோயிலின் 365 படியும் ஏறுகிற கூட்டம் மாதிரி, அண்ணன் சதவீதத்துக்கு ஒரு கதை சொல்வார். பதினைந்தில் ம.பொ.சி. வந்து ஆந்திராவிடமிருந்து திருத்தணியை மீட்பார். நாற்பதில் டிபன் வரும். அது வரவில்லையென்றால் நாற்பத்தொன்று நகராது.

பிறகுதான் அறுவை. பேட்டரியை எடுத்துவிட்டு பவர் பட்டனைக் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடிப்பார். உடம்பு மின்சாரம் இறங்கட்டும் என்று இரும்பு பீரோவைத் தொடுவார். தொட்ட கையைக் கண்ணில் ஒற்றிக்கொள்வார், பழக்கதோஷம். ஸ்க்ரூ ஒவ்வொன்றும் ஒரு நீளம். அதனால் லேப்டாப்பின் முதுகை அட்டையில் வரைந்து, எடுத்த ஸ்க்ரூவை அதனதன் இடத்திலேயே குத்திவைப்பார். மூடி இடுக்கில் காலாவதியான ஏ.டி.எம். கார்டை நுழைத்து நெம்புவார். ‘டக்!’

“கிளிப்புதான், உடையலை” என்பார். எல்லாத் தடவையும் அது உண்மையில்லை.

ஆனால் வேகம் நிஜம். சுற்றுகிற தட்டு இல்லை, ஓடித் தேடுகிற முள் இல்லை; அரை நிமிஷத்தில் திரை வந்துவிடும். அண்ணன் வாட்சைக் காட்டுவார். வீட்டு அக்கா வேறொன்றைப் பார்த்திருப்பார்.

“256 ஜி.பி.ன்னு சொன்ன, 238தானே காட்டுது? மீதி 18 எங்கப்பா?” பார்வை சட்டைப்பைக்குப் போகும்.

“கம்பெனிக்காரன் ஆயிரம் ஆயிரமா எண்றான்க்கா, விண்டோஸ் 1024, 1024ஆ எண்ணுது. 1960 மார்ச் வரைக்கும் நாம சித்தூர் ஜில்லா, ஏப்ரல் ஒண்ணாந்தேதி மெட்ராஸ் ஸ்டேட். மலை நகர்ந்துச்சா? கணக்கு எழுதுற கச்சேரிதான் மாறிச்சு.”

வழக்கு தள்ளுபடி.

சமீபத்தில் எதிர்வீட்டுப் பையன் மெல்லிசாக ஒரு புது லேப்டாப் கொண்டுவந்தான். திறந்தால், டிஸ்க் தாய்ப்பலகையோடு பற்றவைத்திருக்கிறது. ரேமும் அப்படியே. அண்ணன் அட்டையைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார்.

“மாத்தவே முடியாத பொருளுக்கு எதுக்குடா இத்தனை ஸ்க்ரூ?”

பையனிடம் பதில் இல்லை. எல்லாவற்றையும் திரும்ப முடுக்கினார். எழுந்தவர் சமையலறைப் பக்கம் காதைக் கொடுத்தார்.

“உங்க விலையில்லா மிக்சி இன்னும் ஓடுதா? சத்தம் ஒரு தினுசா வருதே!”