பதினோரு மணி ஃபேக்ஸ்

1996-ல் திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதிக் கம்பெனியில் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசராக வேலைக்குச் சேர்ந்தேன். அங்கே ஏற்கெனவே ஒரு ஃபேக்ஸ் மெஷின் இருந்தது. பளபளப்பான சுருள் தாளில் எழுத்து கருத்துக்கொண்டு வரும். அந்தத் தாளுக்கு மை கிடையாது. சூடு பட்டால் கறுக்கும் ரசாயனப் பூச்சுதான் எழுத்து. வெயிலிலோ பிளாஸ்டிக் உறையிலோ வைத்தால் சில மாதத்தில் எழுத்து வெளிறிவிடும். ஆர்டர் தாள் வெளுத்துப்போனால் துணி வாங்கும் பையரிடம் வழக்காடக் கையில் எதுவும் இருக்காது. அதனால், ஃபேக்ஸ் வந்தவுடன் ஜெராக்ஸ் எடுத்துக் கோப்பில் குத்திவைப்பது ஊர் முழுக்க வழக்கம்.

அந்த வருஷக் கடைசியில் முதலாளி, கம்ப்யூட்டரிலேயே ஃபேக்ஸ் வாங்கவும் அனுப்பவும் ஒரு மோடம் வாங்கினார். தாள் செலவு மிச்சம், ஜெராக்ஸ் செலவு மிச்சம், வந்ததெல்லாம் கம்ப்யூட்டரிலேயே அழியாமல் இருக்கும் என்று விற்றவர் சொன்னார். நானும் நம்பினேன்.

புத்தகத் தடிமனில் ஒரு வெள்ளைப் பெட்டி. முகப்பில் வரிசையாகச் சிவப்பு விளக்குகள். 'ஏஏ' எரிந்தால் தானே போனை எடுக்கும். 'ஓஎச்' எரிந்தால் லைன் அதன் கையில். ஃபேக்ஸ் அனுப்புவதற்குக் கடிதத்தை அடித்துவிட்டு, பிரிண்டர் பட்டியலில் ஃபேக்ஸ் என்று இருப்பதைத் தேர்ந்து பிரிண்ட் கொடுத்தால் போதும். தாளே இல்லாமல் கடிதம் போகும். முதல் தடவை அது போனபோது நாங்கள் ஐந்தாறு பேர் மேசையைச் சுற்றி நின்றோம்.

அதன் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. கூப்பிடும் மோடம் மூன்று விநாடி இடைவெளி விட்டு விட்டு அரை விநாடி கூவும். அது 1100 ஹெர்ட்ஸ். அந்தப் பக்கம் எடுத்த மெஷின் 2100 ஹெர்ட்ஸில் நீளமாகப் பதில் கொடுக்கும். பிறகு இரண்டும் கரகரவென்று பேசி எந்த வேகத்தில் போவது என்று முடிவுசெய்யும். எங்கள் மோடம் விநாடிக்கு 14,400 பிட் போகக்கூடியது. மழை பெய்து லைன் இரைந்தால் 9,600-க்கு இறங்கும், அதிலும் முடியாவிட்டால் 4,800, 2,400. சத்தத்தை வைத்தே இன்றைக்கு லைன் எப்படி என்று சொல்லிவிடுவேன். ஒரு பக்கம் என்பது அதற்குச் சுமார் 20 லட்சம் கறுப்பு, வெள்ளைப் புள்ளிகள். சுருக்காமல் அனுப்பினால் 9,600 வேகத்தில் மூன்றரை நிமிஷம் ஆகும். வெள்ளை இடத்தைச் சுருக்கி அனுப்புவதால்தான் சாதாரணக் கடிதம் ஒரு நிமிஷத்துக்குள் போய்ச் சேர்ந்தது.

அப்போது வெளியூருக்குப் பேசும் எஸ்டிடி கட்டணம் இரவு 11 மணிக்கு மேல் கால்வாசி. பையர்களுக்காகத் துணி வாங்கித்தரும் டெல்லி பையிங் ஹவுஸுக்குப் போகவேண்டிய கடிதங்களையெல்லாம் பகலில் அடித்து, 11 மணிக்குத் தானாகப் போகும்படி வரிசையில் வைத்துவிடுவேன். மோடம் வந்ததில் பெரிய லாபம் அதுதான். ஆனால் ஜெர்மனிப் பையர் ஃபேக்ஸ் அப்படியில்லை. குளிர்காலத்தில் அவர்களுக்கும் நமக்கும் நாலரை மணி நேர வித்தியாசம். அவர்கள் சாயங்காலம் ஐந்து மணிக்கு மேசையை ஒழித்துவிட்டு அனுப்புவது நமக்கு ஒன்பதரைக்கு வரும். அதுவரை கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். கரண்ட் போனால் ஃபேக்ஸும் போச்சு. ஃபேக்ஸ் வந்துகொண்டிருக்கும்போது யாராவது மவுஸை அசைத்தால்கூட எங்கள் பழைய கம்ப்யூட்டர் திணறும், நடுவில் வரிகள் விழுந்துவிடும். 'விளக்கு எரியும்போது தொடாதே' என்று மானிட்டர் மேல் எழுதி ஒட்டியிருந்தேன்.

ஒரு ஆர்டரைச் சொல்லவேண்டும். வட்டக் கழுத்து டி-ஷர்ட், 1,200 பீஸ். மெஷர்மெண்ட் சார்ட் ஃபேக்ஸில் வந்தது. கழுத்தைச் சுற்றித் தைக்கும் பட்டியான ரிப்பின் உயரம் 2.3 செ.மீ. நான் 2.8 என்று படித்தேன். சாதாரண ஃபேக்ஸில் மேலிருந்து கீழாக ஒரு மில்லிமீட்டருக்கு நாலு கோடுகூட முழுதாகக் கிடையாது, 3.85 தான். இரண்டு மில்லிமீட்டர் உயரத்தில் அடித்த எண்ணுக்கு ஏழெட்டுக் கோடுதான் கிடைக்கும். மூன்றுக்கும் எட்டுக்கும் உள்ள வித்தியாசம் இடது ஓரத்தில் நாலைந்து புள்ளிகள். அந்தப் புள்ளிகள் ஒட்டிக்கொண்டுவிட்டன. ஃபேக்ஸ் வந்த ரிப்போர்ட்டில் 'ஓகே' என்றுதான் இருந்தது. பக்கம் வந்து சேர்ந்தது என்பதற்குத்தான் அந்த ஓகே. எண் சரியாக வந்ததா என்று அதற்குத் தெரியாது. ரிப் உயரம் எல்லா சைஸுக்கும் ஒன்றே என்பதால் பக்கத்து எண்ணோடு ஒத்துப்பார்க்கவும் வழியில்லை. பையரின் ஆள் செக்கிங்குக்கு வந்து டேப்பை வைத்தபோதுதான் தெரிந்தது.

முதலாளி என்னைக் கூப்பிட்டார். கையில் ஒரு பீஸ் இருந்தது.

"ஏந்தம்பி, மூணுன்னு வந்துச்சா, எட்டுன்னு வந்துச்சா?"

"எட்டாட்டந் தெரிஞ்சுதுங்க."

"செரி, பிரிச்சுத் தைக்கச் சொல்லு. இனிமே எண்ணு தெளிவா இல்லீன்னா மறுக்கா அனுப்பச் சொல்லு. கேக்கறதுக்குச் சங்கடப்படாதே."

அவ்வளவுதான் சொன்னார். 1,200 கழுத்தையும் பிரித்து, ரிப்பை வெட்டி, மறுபடி தைத்தார்கள். இரண்டு ராத்திரி அந்தப் பெண்களோடு நானும் உட்கார்ந்து நூல் பிரித்தேன். அதற்குப் பிறகு எந்த அளவு வந்தாலும் அதையே எழுத்தில் அடித்து, "இப்படித்தானே?" என்று பதில் ஃபேக்ஸ் அனுப்பி, பதில் வந்தபிறகே கட்டிங்குக்குக் கொடுத்தேன்.

இன்றைக்கு என் அண்ணன் மகள் அதே வேலையைப் பார்க்கிறாள். மெஷர்மெண்ட் சார்ட் பிடிஎஃப்பாக வருகிறது. எண்ணை விரலால் பெரிதாக்கிப் பார்க்கலாம். திருத்தம் வாட்ஸ்அப்பில் வருகிறது. சாம்பிளைப் படம் எடுத்து அனுப்பினால் இரண்டு நிமிஷத்தில் பையர் சரி என்கிறார். இது நல்ல காலம், சந்தேகமே இல்லை. மூன்றை எட்டென்று படித்து யாரும் ராத்திரி முழுக்க நூல் பிரிக்க வேண்டாம். இங்கிலாந்தில் அரசு மருத்துவமனைகளே ஃபேக்ஸை 2020 மார்ச்சுக்குள் கைவிட வேண்டும் என்று உத்தரவு போட்டார்கள்.

ஆனால் போன மாதம் ஒரு காரியம் நடந்தது. பழைய கம்பெனியில் இப்போது முதலாளியின் மகன் இருக்கிறார். அப்பா காலத்து முதல் ஜெர்மனி ஆர்டரைக் கண்ணாடி போட்டு மாட்டவேண்டும் என்று ஆசைப்பட்டு என்னைக் கூப்பிட்டார். மோடத்தில் வந்ததையெல்லாம் அன்றைக்கு நான் மூன்றரை அங்குல ஃபிளாப்பிகளில் ஒழுங்காகத் தேதி எழுதிச் சேர்த்துவைத்திருந்தேன். பெட்டி அப்படியே இருந்தது. ஃபிளாப்பி டிரைவ் ஒன்றைத் தேடிப்பிடித்தோம். பாதி ஃபிளாப்பி படிக்கவில்லை. படித்தவற்றிலும் கோப்புகள் திறக்கவில்லை. அந்த ஃபேக்ஸ் மென்பொருள் தனக்கே உரிய ஒரு வடிவத்தில் சேமித்திருக்கிறது, அந்த மென்பொருள் இன்றைக்கு எங்கும் ஓடவில்லை. அழியாது என்று வாங்கியது மொத்தமும் போய்விட்டது.

கிடைத்தது எது தெரியுமா? மோடம் வருவதற்கு முன்னால் குத்திவைத்த ஜெராக்ஸ் கோப்பு. ஓரம் பழுத்திருக்கிறது, எழுத்து அப்படியே இருக்கிறது. அதிலே முதலாளி நீலப் பேனாவில் எழுதிய கணக்கும் இருக்கிறது: நூல் கிலோ எவ்வளவு, டையிங் எவ்வளவு, தூத்துக்குடி வரைக்கும் லாரி வாடகை எவ்வளவு. அதைப் பிடித்துக்கொண்டு மகன் வெகுநேரம் பேசவில்லை.

திருப்பூர் எப்படி உலகத்துக்குத் துணி அனுப்பும் ஊரானது என்பதற்குச் சாட்சி இந்தத் தாள்கள்தான். அந்த வருஷங்களில் எந்த நாட்டுக்கு எத்தனை பீஸ், என்ன விலை, எந்தத் தேதிக்குள் என்பதெல்லாம் பெரும்பாலும் ஃபேக்ஸில்தான் நடந்தது. அண்ணன் மகளிடமும் சொல்லியிருக்கிறேன்: ஆர்டர் முடிந்ததும் வாட்ஸ்அப்பில் பேசிய திருத்தங்களைப் பிரிண்ட் எடுத்துக் கோப்பில் வை, போன் மாற்றும்போது அது உன்னோடு வராமல் போகலாம்.

ஊரில் பழைய கம்பெனி வைத்திருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். கோப்புகளைப் பழைய பேப்பர்காரருக்கு எடை போடுவதற்குமுன் ஒரு ஞாயிற்றுக்கிழமை பரணில் ஏறிப் பாருங்கள். ஜெராக்ஸ் தாள்கள் இன்னும் கொஞ்ச நாள் தாங்கும். பளபளப்பான சுருள் தாள்களை முதலில் எடுத்து, இன்றைக்கே படம் பிடித்துவிடுங்கள்.