திருமலையில் மழை: வரிசையே குடை என்னும் கோட்பாடு

திருப்பதி போகிற நாளில் மழை பிடித்துக்கொண்டால் என்ன செய்வது என்பதற்கு நம் வீடுகளில் வழங்கும் அறிவுரைகள் அத்தனையும் குடை, ரெயின்கோட், கூடுதலாக ஒரு செட் துணி, தலை துவட்டத் துண்டு என்று மூட்டையைப் பெருக்குவதிலேயே முடிகின்றன. சிக்கல் இடத்தைப் பற்றியது; தீர்வைப் பொருளில் தேடுகிறார்கள். மழைக்கும் மனிதனுக்கும் இடையே நம்பத் தகுந்த உறவு ஒன்றுதான், அது கூரை. திருமலையில் மிக நீளமான, மிக உறுதியான, சோறும் போடுகிற கூரை தரிசன வரிசையின் மேல்தான் இருக்கிறது. ஆகவே மற்ற நாட்களில் சிபாரிசுக் கடிதம் வரை தேடிக் குறுக்கப் பார்க்கும் அந்த வரிசையை, மழை நாளில் எவ்வளவு முடியுமோ அவ்வளவு நீட்டிக்கொள்வதே அறிவுடைமை என்பது இக்கட்டுரையின் துணிபு. இதன்படி, சர்வ தரிசனக்காரர் இலவசமாகப் பெறும் பேற்றை 300 ரூபாய் டிக்கெட் வைத்திருப்பவர் காசு கொடுத்து இழக்கிறார். இதைக் கேட்டு டிக்கெட் வைத்திருப்பவர்கள் கோபப்படலாம். சான்றுகளைப் பார்த்துவிட்டுக் கோபப்படட்டும்.

முதலில் மழையின் தரப்பைக் கேட்போம். ராயலசீமை என்றாலே வறட்சி என்று பள்ளிப் புத்தகத்தில் படித்தவர்கள் திருப்பதியையும் அதில் சேர்த்துக்கொண்டு வெறுங்கையோடு கிளம்புகிறார்கள். அனந்தபுரத்துக்குப் பொருந்துகிற வாய்பாடு சேஷாசலத்தின் கிழக்கு விளிம்புக்குப் பொருந்தாது. வங்கக் கடல் நூறு கிலோமீட்டருக்குள் இருக்கிறது. ஈரத்தைச் சுமந்து வரும் வடகிழக்குக் காற்று சமவெளியைத் தாண்டி முட்டிக்கொள்ளும் மலை இது. திருமலை கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 850 மீட்டர் உயரம். சென்னையைக் குறிவைத்து வரும் புயல்கள் இங்கேயும் கணக்குத் தீர்க்காமல் போவதில்லை. 2020இன் நிவர், 2022இன் மாண்டஸ், 2023இன் மிக்ஜாம் மூன்றுக்கும் திருப்பதி சாட்சி. இனித் தமிழ்க் குடும்பத்தின் நாட்காட்டியைப் பார்க்கலாம். புரட்டாசிச் சனிக்கிழமை, தீபாவளி விடுமுறை, அரையாண்டு லீவு, வைகுண்ட ஏகாதசி. வடகிழக்குப் பருவமழையிடம் தேதி கேட்டு அமைத்தாலும் இவ்வளவு கச்சிதமாக வராது. போதாக்குறைக்குச் சிறப்பு நுழைவு டிக்கெட்டை ஏறக்குறைய மூன்று மாதம் முன்னதாகவே இணையத்தில் எடுத்துவிட வேண்டும். ஆகஸ்டில் உட்கார்ந்துகொண்டு நவம்பரின் ஒரு குறிப்பிட்ட செவ்வாய்க்கிழமை மத்தியானம் மழை பெய்யுமா என்று சொல்ல வானிலை ஆய்வு மையமே துணியாது. நம் வீட்டு மாமா துணிகிறார்.

பிற நாட்டுக் கேளிக்கைப் பூங்காக்களின் அனுபவம் இங்கே ஒப்புநோக்கத் தக்கது. அங்கே மழை நிர்வாகத்தின் பகை. 1983இல் திறந்த டோக்கியோ டிஸ்னிலேண்டில் நுழைவாயில் கடைத்தெரு முழுவதையும் கண்ணாடிக் கூரையால் மூடினார்கள். 1992இல் திறந்த பாரிஸ் பூங்காவில் முதன்மைத் தெருவின் இருபுறமும் நனையாமல் நடக்கத் தனிக் கூடங்கள் கட்டினார்கள். புளோரிடாவில் கோடை மத்தியானங்களில் இடி இடித்தால் வெளிப்புற ராட்டினங்களை நிறுத்திவிட்டு மழையங்கி விற்கிறார்கள். மூன்று இடத்திலும் முடிவில் வென்றது கூரைதான் அல்லது வியாபாரம்தான். திருமலையின் நிலை வேறு. மழை பொய்த்தால் காரீரீஷ்டி யாகமும் வருண ஜபமும் நடத்தி மழையை வரவழைக்கப் பார்க்கும் நிர்வாகம் இது. நியாயமும் அதன் பக்கம் இருக்கிறது. கோகர்பம், ஆகாச கங்கை, பாபவிநாசம், குமாரதாரா, பசுபுதாரா ஆகிய அணைகள் நிரம்பினால்தான் மலைமேல் குளிக்கவும் சமைக்கவும் தண்ணீர். ஆக, நம் விடுமுறையைக் கெடுத்த மேகம் அந்த ஊருக்கு வேண்டுதல் பலித்த மேகம். மழை பெய்ததற்காகப் பயணி புகார் கொடுக்க முடியாத சுற்றுலாத் தலம் இதைப் போல இன்னொன்று இருப்பது அரிது.

இலக்கியச் சான்றும் மழைக்கே சாதகமாக இருக்கிறது. ஆண்டாள் திருப்பாவையின் நான்காம் பாட்டை மழை வேண்டியே பாடினார். மார்கழி முழுவதும் திருமலையில் சுப்ரபாதத்துக்குப் பதிலாகத் திருப்பாவைதான் ஒலிக்கிறது. நாச்சியார் திருமொழியில் வேங்கடத்து மேகங்களைத் தூதாக அனுப்ப ஒரு பதிகமே செலவிட்டார். ஆனால் ஆய்வாளருக்கு உண்மையான விருந்து குலசேகர ஆழ்வார்தான். வேங்கடத்தில் தான் என்னவாகப் பிறக்க வேண்டும் என்று அவர் பெருமாள் திருமொழியில் கொடுக்கும் விருப்பங்களை மழைக் கோணத்திலிருந்து வகைப்படுத்தினால் ஓர் உண்மை தெரிகிறது. குருகு, மீன், செண்பகம், தம்பகம், சிகரம், காட்டாறு, வழி ஆகிய ஏழும் திறந்தவெளியில் நனைபவை. பொன்வட்டில் ஏந்தும் பணியாளும் படியும் மட்டுமே கூரைக்குக் கீழ் இருப்பவை. பத்தாவதாக, மலைமேல் ஏதேனும் ஒன்றாக இருந்தால் போதும் என்று விட்டுவிடுகிறார். இப்போது வரலாற்றைக் கேட்டுப் பாருங்கள். நனையும் ஏழில் ஒன்றுக்கும் அவர் பெயர் வரவில்லை. கருவறை வாசலில், சொட்டு மழை படாத இடத்தில் கிடக்கும் படிக்குத்தான் குலசேகரப் படி என்று பெயர் நிலைத்தது. கூரைக் கொள்கைக்கு இதைவிடப் பழைய ஆதாரம் கிடைப்பது கடினம்.

குடைக் கட்சியினர் இந்த இடத்தில் சென்னைத் திருக்குடையைக் கொண்டுவருவார்கள். ஆண்டுதோறும் பிரம்மோற்சவத்துக்குப் பூக்கடை சென்ன கேசவப் பெருமாள் கோயிலிலிருந்து வெண்பட்டுக் குடைகள் புறப்பட்டு, யானைக்கவுனி தாண்டி, நடையாகவே போய் கருட சேவைக்கு முன்பு திருமலையில் சமர்ப்பிக்கப்படுகின்றன. பெருமாளுக்கே குடை அனுப்பிய ஊர்க்காரர்கள் தமக்கொன்று கொண்டுபோகக் கூடாதா என்பது வாதம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் குடை மரியாதைக்கு உரியது. வாகனப் புறப்பாட்டின்போது நிஜமாகவே மழை வந்துவிட்டால் உற்சவரைக் காக்கக் கடாடோபம் என்னும் மூடாக்கைத்தான் பயன்படுத்துகிறார்கள். அலங்காரத்துக்குக் குடை, ஆபத்துக்குக் கூரை என்ற பிரிவினை சாமிக்கே நடைமுறையில் இருக்கும்போது நாம் மட்டும் விதிவிலக்குக் கேட்பது முறையில்லை.

சாமானியரின் குடை இன்னும் பரிதாபம். அலிபிரியிலிருந்து நடந்து ஏறுகிறவர்கள் சுமையை அடிவாரத்தில் கொடுத்துவிட்டால் தேவஸ்தானமே இலவசமாக மேலே கொண்டுபோய்ச் சேர்க்கிறது. அருமையான ஏற்பாடு. அடிவாரத்தில் வெயில் அடித்ததால் குடை பையோடு போய்விடுகிறது. காலி கோபுரத்தில் மழை தொடங்கும்போது குடை நம்மைவிட உயரத்தில், நம்மைவிட உலர்ந்த நிலையில் இருக்கிறது. 3,550 படிகளில் பெரும்பகுதிக்குக் கூரை இருப்பதால் இந்தப் பிரிவைத் தாங்கிக்கொள்ளலாம். கூரை இல்லாமல் சாலையோரமாக நடக்கும் இடத்தில் மழையை வாங்கிக்கொண்டு முழங்கால் முறிச்சானுக்குப் போக வேண்டியதுதான். குடை கையிலேயே இருந்தாலும், விரித்தால் முன்னால் போகிறவர் கண்ணைக் குத்தும், மடக்கினால் பக்கத்தில் நிற்பவர் வேட்டியில் ஒழுகும். பிளாஸ்டிக் பைக்கும் வழி இல்லை. கேரி பேக்கைத் தலையில் கவிழ்த்துக்கொள்வது தமிழர் மழைத் தொழில்நுட்பத்தின் உச்சம் என்றாலும் 2022 முதல் திருமலையில் அதற்கு முழுத் தடை. அலிபிரிச் சோதனையில் பிடுங்கிவிடுவார்கள். மொட்டை போட்டவர் நிலை மட்டும் தனி. கல்யாண கட்டாவிலிருந்து வருகிறவருக்குத் தலை துவட்டும் வேலை அரை நொடியில் முடிகிறது. அவருக்கு மழையால் நேரும் ஒரே இழப்பு, பூசிய சந்தனம் கழுத்து வழியாக இறங்கிச் சட்டைக்குப் போவது.

இனி வரிசையின் உட்புறம். வைகுண்டம் கியூ காம்ப்ளக்ஸில் 31 அறைகளும் நிரம்பின என்று நாளிதழ்கள் துக்கச் செய்தி போலப் போடுகின்றன. மழை நாளில் அதே செய்தியை நல்ல செய்தியாகப் படிக்கப் பழக வேண்டும். உள்ளே கூரை, மின்விசிறி, கழிப்பறை. அவ்வப்போது பால், உப்புமா, பொங்கல். வெளியே இதே மணி நேரங்களைக் கழிக்க லாட்ஜ் வாசலில் நிற்க வேண்டும் அல்லது டீக்கடைத் தார்ப்பாய்க்குக் கீழே குனிந்து நின்று அடுத்தடுத்து டீ சொல்லி இடத்தைக் காப்பாற்ற வேண்டும். இன்னொரு நன்மையையும் கருத வேண்டும். செல்போனை முன்பே ஒப்படைத்துவிடுவதால் வானிலைச் செயலியைத் தடவிக்கொண்டே இருக்க வழியில்லை. மழைப் பயணத்தின் துன்பத்தில் பாதி, எப்போது நிற்கும் என்று பத்து நிமிடத்துக்கொரு முறை பார்ப்பதுதான். அந்தப் பாதி வாசலிலேயே கழிந்துவிடுகிறது.

மறுப்புகள் உண்டு. கூட்டம் மிகுந்த நாளில் வரிசை காம்ப்ளக்ஸைத் தாண்டி வெளியே சிலாதோரணம் பக்கம் வரை நீளுமே, அங்கே கூரை ஏது என்பது முதல் மறுப்பு. இது வலுவானது. நாராயணகிரிக் கொட்டகைகள் ஓரளவு ஈடு செய்தாலும், வரிசையின் வால் நனையும் என்பதை ஒப்புக்கொண்டாக வேண்டும். என் பதில், வால் நகர்ந்துகொண்டிருக்கும் உறுப்பு என்பதே. டீக்கடைத் தார்ப்பாய் நகர்ந்து எங்கும் போய்ச் சேர்வதில்லை. இரண்டாம் மறுப்பு நுட்பமானது. மழை பெய்தால் கூட்டம் குறையும், கூட்டம் குறைந்தால் வரிசை வேகமாக நகரும், வேகமாக நகர்ந்தால் கூரைக்குக் கீழ் இருக்கும் நேரம் குறையும். ஆக மழை அதிகமாக ஆக, நாம் சீக்கிரமாகவே மழைக்குள் தள்ளப்படுவோம். இதை மறுக்க முடியாது. ஆனால் சீக்கிரமாகத் தரிசனம் கிடைத்துவிட்டது என்று வருந்திய பக்தர் ஒருவரையாவது கொண்டுவந்தால் கோட்பாட்டைத் திருத்தத் தயார். மேலும் வெளியே வந்தவர்க்குத் தரிகொண்டா வெங்கமாம்பா அன்னப்பிரசாதக் கூடம் இருக்கிறது. அங்கேயும் வரிசை, அங்கேயும் கூரை.

மூன்றாவது, பக்தி வழி வரும் மறுப்பு. பெருமாளைச் சேவிக்க நிற்கும் வரிசையை மழைக்கு ஒதுங்கும் இடமாகக் கருதுவது தகுமா? கேட்பவர்கள் சற்று முன்புதான் புஷ்கரிணியில் முழுக்குப் போட்டவர்கள் என்பதை நினைவில் கொள்க. தாமாக முழுகிய ஈரம் புண்ணியம், தானாக விழுந்த ஈரம் தொல்லை என்ற பாகுபாட்டுக்குச் சாத்திர ஆதாரம் இல்லை. அங்கப்பிரதட்சிணம் செய்கிறவர்கள் புஷ்கரிணியில் நனைந்து ஈர உடையோடுதான் கோயிலுக்குள் உருள்கிறார்கள். சித்தூர் பக்கம் காணிப்பாக்கத்தில் விநாயகர் கிணற்றுக்குள்ளேயே, வற்றாத நீரில் எழுந்தருளியிருக்கிறார். தண்ணீர் இந்த வட்டாரத்துத் தெய்வங்களுக்கு ஒருபோதும் பிரச்சினையாக இருந்ததில்லை. வேட்டி காயவில்லையே என்பது முழுக்க மனிதக் கவலை.

கோட்பாடு தோற்கும் இடம் ஒன்று உண்டு. அங்கே கேலிக்கு இடமில்லை. 2021 நவம்பர் 18 அன்று கொட்டிய மழையில் நடைபாதைகளும் மலைச்சாலைகளும் மூடப்பட்டன. ஸ்ரீவாரி மெட்டு வழி மோசமாகச் சிதைந்து, செப்பனிட்டு 2022 மே மாதம்தான் திறந்தது. 2021 டிசம்பர் முதல் தேதி, ஏறும் சாலையில் பாறைகள் உருண்டு விழுந்தன. அப்படிப்பட்ட நாளில் வரிசைக்குப் போய்ச் சேரவே வழியில்லை, போக முயலவும் கூடாது. அந்த வெள்ளத்தில் வர முடியாமல் போனவர்கள் பின்னொரு நாளில் தரிசிக்கத் தேவஸ்தானம் வாய்ப்பளித்தது. பாறை அப்படி வாய்ப்பளிக்காது.

எஞ்சியிருப்பது லட்டு. இவ்வளவு நேரம் குடையைக் குறைத்துப் பேசியதற்கு இங்கே ஈடு செய்துவிடலாம். 2009இல் புவிசார் குறியீடு பெற்ற 175 கிராம் பொருள் அது. கடலை மாவும் சர்க்கரையும் நெய்யும் சேர்ந்தது, மழை பட்டால் பஸ் ஸ்டாண்டு வருவதற்குள் பூந்தியாகத் திரும்பிவிடும். பிளாஸ்டிக் உறையும் கிடையாது. மனிதருக்கு வரிசை கூரை தந்தது. லட்டுக் கவுண்டரிலிருந்து பஸ் வரை லட்டுக்குக் கூரை தர யாரும் இல்லை. ஆகவே புரட்டாசி முதல் மார்கழி வரை மலையேறுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: குடை கொண்டுபோங்கள், அலிபிரியில் பையோடு கொடுத்துவிடாதீர்கள், திரும்பும்போது அதை லட்டுக்குப் பிடியுங்கள்.