ஒரு வாய்க் காற்றுக்கு இரண்டு மூச்சு

கேள்வி: பாம்பு, முதலை, குருவி எல்லாமே நுரையீரலால்தானே மூச்சு விடுகின்றன? அப்புறம் என்ன பெரிய வித்தியாசம்?

பதில்: காற்று போகிற வழியில்தான் வித்தியாசம். நாம் இழுத்த காற்று வந்த வழியே திரும்புகிறது. பறவையின் நுரையீரலுக்குள் அது ஒரே திசையில் ஓடுகிறது. குருவியின் நுரையீரல் விலா எலும்புகளோடு ஒட்டிக் கிடக்கும், உப்புவது அரிது. துருத்தி வேலையெல்லாம் காற்றுப்பைகளுக்கு. பெரும்பாலான பறவைகளுக்கு அவை 9. இழுத்த காற்றில் பெரும்பகுதி முதலில் பின்பைகளுக்குப் போகும். மூச்சு விடும்போது நுரையீரலுக்குள் நுழையும். அடுத்த இழுப்பில் முன்பைகள். அதற்கடுத்து விடும்போதுதான் வெளியே! காற்று மெலிந்த இமயத்தைத் தாண்டிக் கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்துக்கு வரும் வரித்தலை வாத்துக்கு இது பெரிய துணை.

பாம்புகள் பலவற்றில் இடது நுரையீரல் சுருங்கிப்போய், வலதுதான் நீண்டு கிடக்கும். முதலைக்குக் காற்றுப்பையே இல்லை. ஒரு தசை கல்லீரலைப் பின்னுக்கு இழுக்க, நுரையீரல் விரிகிறது. அப்படியும், முதலை இனத்தைச் சேர்ந்த அமெரிக்க அலிகேட்டரின் நுரையீரலில் காற்று ஒரே திசையில் ஓடுவதை 2010இல் யூட்டா பல்கலைக்கழகத்தின் காலீன் ஃபார்மர் குழு காட்டியது. 2013இல் ஆப்பிரிக்க உடும்பிலும் அதே ஓட்டம் தெரிந்தது. ஆகவே, இந்த ஏற்பாடு பறப்பதற்காகவே தோன்றியது என்ற பழைய எண்ணத்தை விட்டுவிடுங்கள்.